புதுப்பிப்பு: அந்த சைவ பஃபேக்கு மறுபடி போனேன்

முன்கதைச் சுருக்கம்: எனக்குப் பிடித்த சைவ பஃபேயில் சாம்பார் தண்ணியாகிவிட்டது, பனீர் பட்டர் மசாலாவில் பனீரைத் தேட வேண்டியிருக்கிறது என்று புலம்பியிருந்தேன். "மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள்", "திறந்ததுமே போங்கள்" என்றீர்கள். இரண்டையும் செய்தேன்.

சீக்கிரம் போனதில் வித்தியாசம் தெரிந்தது. பூரி உப்பி வந்தது, ரசத்தில் ஆவி பறந்தது. கூட்டம் ஏற ஏறப் பழைய கதைதான். காலியாகும் பாத்திரத்தில் மிச்சத்தின் மேலேயே புதுசைக் கொட்டுகிறார்கள். இது ருசி விஷயம் மட்டும் இல்லை. சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருக ஆரம்பிக்கும். அந்த சோலே வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் அடியில் பர்னர் அணைந்து கிடக்கிறது.

மேனேஜர் மரியாதையாகவே பேசினார். பழைய மாஸ்டர் விலகிவிட்டாராம். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே வெங்காயம் தக்காளி கிரேவிதானாம். அதான் கோஃப்தா, மட்டர், சோலே எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன! பர்னரை உடனே பற்ற வைக்கச் சொன்னார். ஐட்டங்களைக் குறைத்துச் சூடாகக் கொடுங்களேன் என்றேன். "வெரைட்டி குறைந்தால் ஆள் வரமாட்டாங்க சார்" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது, என்ன செய்ய.

பாயசம் எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். அது மாறவில்லை. ஆனாலும் இனி எனக்கு பஃபே வேண்டாம். அங்கேயே தனியாக ஆர்டர் கொடுத்தால் தோசை சுடச்சுட வருகிறது.