பட்டறைப் பையனுக்குக் காசநோய். வேலையில் உட்கார வைக்கலாமா?

மொகல்தெரு பத்தர்:
யாங்கோனில் மொகல் தெருவுக்குப் பின்னால் சின்ன நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். பெகு பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் என்னிடம் தொழில் பழகுகிறான். வயது 18. மாடியிலேயே தங்கல், சாப்பாடு எங்கள் வீட்டில். இருமல் விடவில்லை, சட்டை தொளதொள என்று ஆனது. கூட்டிப்போய்ச் சளியைச் சோதித்தோம். காசநோய் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

ஊருக்கு அனுப்பிவிடு என்கிறார் அவன் அப்பா. எனக்கு மனசு வரவில்லை. அங்கே போனால் நாலு நாள் தெம்பு வந்ததும் மாத்திரையை விட்டுவிடுவான். பையனோ, “சயா (பர்மியத்தில் ஆசான்), என்னை அனுப்பிடாதீங்க” என்று, வாயால் ஊதிப் பற்றவைக்கிற ஊதுகுழலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். நல்ல கை அவனுக்கு. கம்பியைச் சுற்றி, வளையம் வெட்டி, பற்றவைக்கிற பொடி வைத்து அவன் ஊதினால் பற்றவைத்த இடம் எங்கே என்று நகத்தால் தடவினாலும் தெரியாது. ஆனால் படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது, எடைக் கணக்கில் தடுமாறுவான்.

எந்த வேலை ஆகும், எது கூடாது? இந்த மாதங்கள் அவனுக்கு வீணாகாமல் என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அண்ணே, உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மருந்து. முதல் 2 மாதம் நான்கு மருந்து, அப்புறம் 4 மாதம் இரண்டு. இருமல் நின்றதும் நிறுத்தினால், கிருமி மருந்துக்கு மசியாததாக மாறிவிடும். தினமும் உங்கள் கண்முன்னே விழுங்கட்டும். அரசு காசநோய்த் திட்டத்தில் மருந்து இலவசம்.

முதல் இரண்டு வாரமாவது தனி அறை, திறந்த ஜன்னல், முகக்கவசம். மருந்து வேலை செய்தால் அதற்குள் தொற்று வெகுவாகக் குறையும். ஆனாலும் மறுபடி பட்டறையில் உட்காரலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், குழந்தைகள் இருந்தால் முதலில் அவர்களுக்கு.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அது ரிஃபாம்பிசின் செய்கிற வேலை, பயப்பட வேண்டாம். நான்கில் ஒன்றான எத்தாம்பியூட்டால்தான் உங்கள் தொழிலுக்கு முக்கியம். சிலருக்குப் பார்வை மங்கும், சிவப்பும் பச்சையும் குழம்பும். கல் பதிக்கிற பையனுக்குக் கண்தானே எல்லாம்! மாறுதல் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும் அப்படியே.

மோல்மீன் பெரியவர்:
தம்பி, ஊதுகுழலை முதலில் வாங்கி வையுங்கள். கால் துருத்தியோடு இருக்கிற டார்ச் போதும், அதையும் இப்போதைக்கு நீங்களே பிடியுங்கள். உங்கள் பற்றவைக்கிற பொடியில் காட்மியம் என்ற உலோகம் கலந்திருக்கிறதா என்று வாங்குகிற இடத்தில் கேளுங்கள். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், காட்மியம் 767லேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகை நல்ல நுரையீரலையே கெடுக்கும். இவனுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் அது வேண்டாம். திராவகம் பக்கமும் விடாதீர்கள். நகை வார்க்க அச்சு செய்கிற வார்ப்பு மாவு குழைப்பதும் கூடாது, அதில் இருக்கிற சிலிக்கா தூசி காசநோயை வளர்க்கும்.

சொல்லிக் கொடுக்க நிறைய இருக்கிறது. ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். உங்கள் பட்டறைத் தாலி, தோடு, ஒட்டியாணம் எல்லாவற்றையும் உண்மை அளவில் வரையட்டும். வரையத் தெரியாதவன் கடைசிவரை அடுத்தவன் மாதிரியைப் பார்த்தே அடிப்பான். நம் பர்மாத் தங்க எடையில் ஒரு கியட்டாவுக்கு 16 பே. அதை வைத்தே கூட்டல், கழித்தல், சேதாரக் கணக்கு எல்லாம் பழக்கலாம். காலை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம், பிறகு படுக்கட்டும்.

மருந்து முடித்தவள்:
எனக்கும் வந்து போனது. முதல் மாதம் மாத்திரை போட்டாலே குமட்டும். வெறும் வயிறு ஒத்துவராமல், டாக்டரைக் கேட்டு லேசாகக் கஞ்சி குடித்துவிட்டுப் போட்டேன். முட்டை, பருப்பு, மீன் கொடுங்கள். அண்ணி தட்டைத் தனியாக வைத்தாலும் முகத்தைத் திருப்பாமல் பரிமாறச் சொல்லுங்கள். தட்டு வழியாக இது ஒட்டாது.

மொகல்தெரு பத்தர்:
எல்லோருக்கும் நன்றி. ஊதுகுழலும் திராவகமும் பூட்டியாயிற்று. மாடியில் அடைத்துக் கிடந்த ஜன்னலைப் பெயர்த்துத் திறந்துவிட்டேன். நோட்டு வாங்கிக் கொடுத்தேன், முதல் பக்கத்தில் அவன் அம்மாவின் தோட்டை வரைந்திருக்கிறான். திருகுக்கு மரை கூடப் போட்டிருக்கிறான். அப்பாவிடம் இன்று ராத்திரி பேசுகிறேன். நர்ஸ் அக்கா, கண்ணை மாதா மாதம் பார்த்தால் போதுமா, அதற்கு முன்பே பார்க்கணுமா?