ஜப்பானில் ஏ.எல்.டி. வேலை: முதல் இரண்டு மாதம் எப்படிச் சமாளிப்பது?

கரும்பலகை:
வரும் ஏப்ரலில் ஜப்பான் அரசுப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராக, அதாவது ஏ.எல்.டி.யாக, ஏஜென்சி வழியாகச் சேர்கிறேன். சி.ஓ.இ. (விசாவுக்கு முன் ஜப்பான் தரும் தகுதிச் சான்றிதழ்) வந்துவிட்டது, விசா ஸ்டாம்ப் மட்டும் பாக்கி. வீடு நானேதான் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, முழுப் பெயரும் கிவன் நேமில் இருக்கிறது. இறங்கியதும் எதை முதலில் முடிப்பது? கையில் எவ்வளவு பணம் வேண்டும்? வகுப்பு எப்படி இருக்கும்?

தபால்பெட்டி:
முதலில் சி.ஓ.இ. தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைந்துவிட வேண்டும். நரிதா, ஹனேதா, கான்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் ஸாய்ர்யூ கார்டை (குடியிருப்பு அட்டை) அங்கேயே தந்துவிடுவார்கள். வீடு அமைந்த 14 நாளுக்குள் அந்தக் கார்டோடு நகராட்சி அலுவலகம் (ஷியாகுஷோ) போய் முகவரி பதியுங்கள். கார்டின் பின்பக்கம் முகவரி ஏறாதவரை வங்கி, போன் எதுவும் நகராது.

சர்நேம் காலி என்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அதிகம் இழுத்தடிப்பது அதுதான். ஆன்லைன் படிவம் சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. வங்கிக் கவுன்ட்டரிலோ கார்டில் உள்ளபடியே எழுது என்பார்கள். நம் பெயரில் 'ழ', 'ள' இருந்தால் கட்டகானாவில் (வெளிநாட்டுச் சொற்களுக்கான ஜப்பானிய எழுத்து) எழுதும்போது ஆளுக்கொரு விதமாக மாற்றிவிடுவார்கள். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். வங்கி, போன், காப்பீடு எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே இடைவெளி. ஒரு எழுத்து மாறினாலும் ஆட்டோ டெபிட் திரும்பி வந்துவிடும்.

வங்கி போன் நம்பர் கேட்கும், போன் கம்பெனி வங்கிக் கணக்கு கேட்கும். ஊர் கிரெடிட் கார்டை ஏற்கும் வாய்ஸ் சிம் ஒன்றை முதலில் வாங்கினால் இந்த முடிச்சு அவிழும். வங்கிக்குப் போகும்போது வேலை ஒப்பந்தத்தையும் கொண்டுபோங்கள்.

கணக்குப்பிள்ளை:
பணத்தைப் பற்றி. ஏப்ரலில் செய்யும் வேலைக்குச் சம்பளம் மே கடைசியில் வருவது சகஜம். வீட்டுக்கு முன்பணம் (ஷிகிகின்), வீட்டுக்காரருக்கு நன்றிப் பணமாகத் தரும், திரும்பி வராத ரெய்கின், புரோக்கர் கமிஷன், ஜாமீன் கம்பெனிக் கட்டணம், தீ காப்பீடு, முதல் மாத வாடகை எல்லாம் சேர்ந்து நாலைந்து மாத வாடகை ஒரே நாளில் போகும். ரெய்கின் இல்லாத வீடுகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் ஸீலிங் விளக்கு, திரைச்சீலை, அடுப்பு எதுவும் இருக்காது. மின்சாரம், தண்ணீர் ஆன்லைனிலேயே முடியும். கேஸ் திறக்க ஆள் வருவார், நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். முன்கூட்டியே நேரம் வாங்காவிட்டால் சில நாள் பச்சைத் தண்ணீர்க் குளியல்தான். ஏப்ரல் அங்கே இன்னும் குளிர்!

ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்றிருந்தால் காரணம் இருக்கிறது. முழுநேர வேலையில் முக்கால் பங்கு, அதாவது 30 மணி, எட்டினால் கம்பெனி சமூகக் காப்பீட்டில் (மருத்துவக் காப்பீடு, பென்ஷன்) பாதியைக் கட்ட வேண்டும். ஆனால் 2024 அக்டோபரிலிருந்து, 51 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனிகளில் வாரம் 20 மணி, மாதச் சம்பளம் 88,000 யென் (2024இல் இருந்த வரம்பு) இருந்தாலே சேர்த்தாக வேண்டும். கையெழுத்துக்கு முன் இதைக் கேளுங்கள். பள்ளி விடுமுறை மாதமான ஆகஸ்டில் சம்பளம் குறையுமா என்றும் கேளுங்கள்.

குடியிருப்பு வரி முதல் வருடம் வராது. முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்து, ஜனவரி 1 அன்று நீங்கள் இருந்த ஊர் போடும் வரி அது. அடுத்த ஜூனில், வரிக்குரிய வருமானத்தில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்குப் பில் வரும். முதல் வருடமே மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள்.

சாக்பீஸ்:
தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பு 45 நிமிடம், நடுநிலையில் 50. 2020 முதல் 3, 4ஆம் வகுப்புக்கு ஆண்டுக்கு 35 வகுப்பு, 5, 6க்கு 70. ஆக ஒரே அறிமுக வகுப்பைப் பல அறைகளில் திரும்பத் திரும்ப நடத்துவீர்கள். மூன்று பெரிய படம், அதிலிருந்து சரியா தவறா வினாக்கள் போதும். "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டால் அறையே ஊமையாகிவிடும். பக்கத்தில் இருப்பவரோடு அரை நிமிடம் பேசவிட்டுப் பிறகு கேளுங்கள், கை உயரும்.

அவர்கள் 'பஸ்' என்பதைக் கட்டகானா பழக்கத்தில் 'பஸு' என்பார்கள். நாமும் 'பஸ்ஸு' என்கிற ஆட்கள்தானே, அதனால் வாய் தவறிக் கடைசி 'உ' ஒட்டிக்கொள்ளாமல் பாருங்கள். இன்னொன்று: வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து 'பென்' சொல்லுங்கள். காகிதம் ஆட வேண்டும். தமிழ் வாய்க்குப் பெரும்பாலும் ஆடாது, அப்போது கேட்பவர் காதில் 'b' விழும். 'டீ', 'டேபிள்' சொல்லும்போது நம் 'ட' போல நாக்கை மடிக்காமல், மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் தட்டுங்கள்.

பள்ளிக்குள் போட ஒரு ஜோடி தனிச் செருப்போ ஷூவோ வேண்டும், முதல் நாளே.

கரும்பலகை:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, மிக்ஸி எடுத்து வரலாமா?

கணக்குப்பிள்ளை:
230 வோல்ட் மிக்ஸி வேண்டாம். அங்கே 100 வோல்ட், அது முக்கி முனகும், மாவு அரைபடாது. ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டால் அது மிக்ஸியை விடக் கனம். அமெரிக்காவுக்கென்று விற்கும் 110 வோல்ட் மாடல் கொஞ்சம் மெதுவாக ஓடும், வேலைக்கு ஆகும். லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று இருந்தால் கவலையில்லை, இரண்டு தட்டைப் பின் உள்ள அடாப்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.