மறு: மிதவேக வீச்சுக்கு ஏற்ற கலப்பு மட்டை – ‘பிசகுதாங்கி’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மிதமான வேகத்தில் மட்டை வீசும் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்காகக் கட்டுரை எழுதும் நண்பர், ‘ஃபர்கிவிங் ஹைப்ரிட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார். தலை பருத்த கட்டை மட்டையும் தலை மெலிந்த இரும்பு மட்டையும் கலந்த வடிவம் ஹைப்ரிட்; அடி நடுவில் படாவிட்டாலும் ஆட்டத்தை அதிகம் கெடுக்காதது ஃபர்கிவிங். மன்னிக்கும் மட்டை, பிழைதிருத்தி மட்டை, பொறை மட்டை என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மட்டை உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் சொல் தானாக அமையும் என்பது என் எண்ணம்.

> மன்னிப்பு என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். மன்னித்தபின் அந்தத் தவறுக்குத் தண்டனை இல்லை. மட்டை அப்படி விட்டுவிடுவதில்லை. பந்து முகத்தின் நடுவில் படாமல் நுனிப் பக்கமோ தண்டுப் பக்கமோ பட்டால், மோதும் கணத்தில் மட்டைத்தலை தன் நிறை மையத்தைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். அப்போது பந்துக்குப் போக வேண்டிய வேகத்தில் ஒரு பகுதி வீணாகும், திசையும் மாறும். இந்தத் திரும்பலை எதிர்ப்பதைத்தான் பாடநூல்கள் நிலைமத் திருப்புத்திறன் என்கின்றன. இலங்கை வழக்கில் சடத்துவத் திருப்பம். அச்சிலிருந்து உள்ள தூரத்தின் இருமடியைப் பொறுத்தது அது. அதே 10 கிராமை இருமடங்கு தள்ளி வைத்தால் அதன் பங்கு நான்கு மடங்காகிவிடும். அதனால்தான் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடர்த்தியுள்ள டங்ஸ்டனைச் சில தயாரிப்பாளர்கள் தலையின் ஓரங்களில் பதிக்கிறார்கள். இவ்வளவு செய்தும் தலை திரும்பத்தான் செய்யும், குறைவாகத் திரும்பும். பந்து கொஞ்சம் தூரம் குறைந்து, கொஞ்சம் விலகிப் போய் விழும்.

‘பிழைதிருத்தி’ இன்னும் அதிகமாக வாக்குக் கொடுக்கும் சொல். மட்டைமுகம் இலக்குக்கு வெளியே திறந்தபடி வந்து மோதினால், எவ்வளவு உயர்ந்த மட்டையானாலும் பந்து வளைந்துதான் போகும். அந்தப் பெயரை நம்பி வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

‘பொறை’ எனக்குப் பிடித்த சொல். பொறுமை, பாரம் இரண்டும் அதற்குப் பொருள். பாரத்தை ஓரத்துக்குத் தள்ளிப் பொறுமையை வாங்கும் இந்தப் பொருளுக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் இன்றைய வாசகருக்கு அகராதி வேண்டியிருக்கும். கட்டுரையின் தலைப்பிலேயே அவரை நிறுத்திவைக்க வேண்டாம்.

என் பரிந்துரை பிசகுதாங்கி. பிழை, தவறு என்பவை அகன்ற சொற்கள். ‘கை பிசகிவிட்டது’, ‘குறி பிசகியது’ என்னும்போது நாம் சொல்வது, நடுவிலிருந்து சற்றே விலகியதை. இங்கே வேண்டியதும் அதுதான். ‘தாங்கி’ நமக்குப் புதிதல்ல. இடிதாங்கி இடியைத் தடுப்பதில்லை. விழுவதைத் தான் வாங்கிக் கட்டடத்தைக் காக்கிறது. மட்டையின் வேலையும் அப்படித்தான். பண்பைக் குறிக்கப் பிசகுதாங்கு திறன், மட்டையைக் குறிக்கப் பிசகுதாங்கி மட்டை. பேச்சில் ‘இது நல்லாத் தாங்கும்’ என்றாலே போதும்.

சரி, இத்தோடு முடியவில்லை. கடையிலும் விளம்பரத்திலும் அந்த ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இன்னொரு பண்பையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்: பந்தை எளிதில் மேலே எழுப்புவது. மிதவேக ஆட்டக்காரருக்கு முதல் பண்பைவிட இதுதான் பல வேளைகளில் முக்கியம். நீள இரும்பு மட்டைகளான 3, 4 ஆகியவற்றின் தலை மெலிந்தது. நிறை மையம் முகத்தை ஒட்டியே இருக்கும். வேகமாக வீசுபவர் அதிலும் பந்தை உயர்த்திவிடுவார். வேகம் குறைந்தால் பந்து தாழப் பறந்து, தட்டையாக இறங்கி, குழியைச் சுற்றியுள்ள பசும்பரப்பில் நிற்காமல் ஓடிவிடும். கலப்பு மட்டையில் அடிப்பாகம் அகலம், நிறை மையம் தாழ்வாகவும் முகத்துக்குப் பின்னால் தள்ளியும் இருக்கும். அதனால் எறிகோணம் கூடுகிறது. அந்த அகலமான அடிப்பாகம் புல்லில் குத்தி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போவதும் கூடுதல் உதவி.

இதற்குத் தனியே எழுப்புதிறன் என்று வைக்க வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வாசகர் தவறான மட்டையோடு வீடு திரும்புவார். பிசகை நன்றாகத் தாங்கும் மட்டையாகவே இருக்கலாம். ஆனால் அதன் முகச்சாய்வு, அதாவது முகம் வானை நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், 19 பாகையாக இருந்தால், மிதவேகக்காரர் பலருக்கு அது போதிய உயரம் தராது. அவர்களுக்கு 22 பாகைக்கு மேல் தொடங்குவது நல்லது. மட்டையில் பொறித்த எண்ணை நம்பக் கூடாது என்பதையும் கட்டுரையில் அழுத்திச் சொல்லுங்கள். ஒருவர் 4 என்று போடுவது 21 பாகை, இன்னொருவர் 4 என்று போடுவது 23 பாகை. பார்க்க வேண்டியது பாகையை.

தண்டைப் பற்றியும் ஒரு பத்தி சேர்க்கலாம். மிதவேகத்துக்குப் பொதுவாக ‘ரெகுலர்’ எனப்படும் நடுத்தர விறைப்புள்ள கிராஃபைட் தண்டு ஒத்துவரும். விறைப்பான தண்டில் பந்து தாழ்ந்து போகும் வாய்ப்பு அதிகம். அப்புறம், முகத்தைத் தண்டுக்குச் சற்றுப் பின்தள்ளி அமைத்த மட்டைகள் வலப்பக்கம் வளைக்கும் வலக்கையாளருக்கு உதவும். ஏற்கனவே இடப்பக்கம் இழுத்து அடிப்பவருக்கு அதே அமைப்பு தொல்லை. பையில் 14 மட்டைகளுக்குமேல் விதி இடம் தருவதில்லை. ஆகவே புதிய மட்டை பந்தை விடும் தூரம், பக்கத்து மட்டையின் தூரத்தோடு ஒட்டி நின்றால் ஓர் இடம் வீண்.

> ‘மந்தவேகம்’ என்று போட்டால் சுருக்கமாக இருக்கும்.

வேண்டாம். மந்தம் என்பது குறை சொல்வதுபோல் ஒலிக்கும். நாம் இங்கே பேசுவது, தொலைவுக்கு அடிக்கும் மட்டையான டிரைவரை ஏறக்குறைய மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் வீசுபவர்களைப் பற்றி, அதாவது 137 முதல் 153 கிலோமீட்டர். தொழில்முறை ஆண் ஆட்டக்காரர்கள் 110 மைலைத் தாண்டுவார்கள் என்பதால் இது மந்தம் ஆகிவிடாது. ‘மித வேகம் மிக நன்று’ என்று சாலையோரத்தில் படித்துப் பழகிய சொல்லே இருக்கிறது: மிதவேகம்.

> ஹைப்ரிட்டுக்கு ‘மீட்பு மட்டை’ எப்படி?

அது ஒரு நிறுவனம் தன் மட்டைக்கு வைத்த வணிகப் பெயரின் மொழிபெயர்ப்பு, பொதுப்பெயராக்க வேண்டாம். சிக்கலில் மாட்டியவருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தையும் அது தரும். கோல்ஃபின் பெரும் போட்டிகளில் ஒன்றான பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில், 2009இல், கடைசிக் குழியில் தென்கொரியாவின் ஒய்.இ. யாங், டைகர் உட்ஸை முந்தி நின்றபோது பசும்பரப்புக்கு அடித்தது ஹைப்ரிட்டால்தான். கட்டையும் இரும்பும் கலந்த வடிவம் என்பதால் ‘கலப்பு மட்டை’ நேரான பெயர். ‘கலப்பினம்’ பயிருக்கும் கால்நடைக்கும் இருக்கட்டும்.

கட்டுரைக்குள் இவை எப்படி உட்காரும் என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: “மிதவேக வீச்சுள்ளவர் முதலில் மட்டையின் எழுப்புதிறனைப் பார்க்க வேண்டும்; அடி அடிக்கடி நடுவிலிருந்து விலகுமானால் பிசகுதாங்கி வகைக் கலப்பு மட்டையாகத் தேர வேண்டும்.” வாய்விட்டுப் படித்தேன், தடுக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. மேலே முகச்சாய்வு என்று எழுதியது முகம் வானை நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை. தண்டு தரையோடு உண்டாக்கும் கோணத்துக்கும் சாய்வு என்றே போட்டால் இரண்டும் குழம்பும். அதற்குத் ‘தண்டுக்கோணம்’ என்று வைக்கலாமா, இதைவிட நல்லது யாரிடமாவது இருக்கிறதா? இயந்திரவியல் அறிந்த நண்பர்கள் சொன்னால் இந்தச் சொற்களையெல்லாம் சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்