சிலிக்கனில் ஹான்லே வளைவு வருகிறது, அது ஸ்பின்தானா?

கேள்வி (காரைக்குடி):
வணக்கம். என்-வகை சிலிக்கன், மேலே அலுமினியம் ஆக்சைடு டனல் தடுப்பு (எலக்ட்ரான் ஊடுருவிப் போகும் மெல்லிய படலம்), அதன்மேல் கோபால்ட். மூன்று முனை இணைப்பு என்பதால் ஸ்பினை (எலக்ட்ரானின் குட்டிக் காந்தத் திசையை) செலுத்துவதும் அளப்பதும் ஒரே கோபால்ட் முனைதான். காந்தப்புலத்தைச் செங்குத்தாக ஏற்றினால் வோல்டேஜ் லொரென்ட்ஸ் வடிவில் (மணி போல) இறங்குகிறது; புலத்தில் ஸ்பின் சுழன்று கலைவதால் வரும் ஹான்லே வளைவு என்று எடுத்துக்கொண்டேன். 40 மில்லிடெஸ்லாவில் பாதியாகிறது. அதிலிருந்து ஸ்பின் ஆயுள், அதாவது ஸ்பின் திசை கலையாமல் இருக்கும் நேரம், 0.14 நானோவினாடி. ஆனால் சிக்னல், கோட்பாட்டுக் கணக்கைவிடப் பல நூறு மடங்கு பெரிது. மூன்று மாதமாக இதிலேயே கிடக்கிறேன். எங்கே தப்பு?

பதில் (தேவகோட்டை):
தம்பி, புலத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தீர்களா? இந்த வெயிலில் ஏசி நின்றால் வோல்டேஜ் தானாக நகரும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன் அண்ணே. இரண்டு வளைவும் அச்சாகப் பொருந்துகின்றன.

பதில் (கானாடுகாத்தான்):
அப்படியென்றால் தடுப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். சிலிக்கனில் அறை வெப்பநிலை ஸ்பின் ஆயுள் நானோவினாடிக் கணக்கில் வர வேண்டும். 5 நானோவினாடி என்றால் 1 மில்லிடெஸ்லா அளவிலேயே சிக்னல் பாதியாகிவிடும். உங்கள் வளைவு அதைவிட மிக அகலம்.

2009-இல் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு இதே மூன்று முனை முறையில் அறை வெப்பநிலையில் சிக்னல் காட்டிய பிறகு, பலருக்கும் இந்தக் குழப்பம் வந்தது. தடுப்பில் உள்ள குறைபாட்டு நிலைகள் வழியாக எலக்ட்ரான் தாவும்போது, அங்கே ஏற்கெனவே அதே ஸ்பினில் ஒன்று உட்கார்ந்திருந்தால் பாலி விதி (ஒரே ஸ்பினுள்ள இரண்டு எலக்ட்ரான் ஒரே நிலையில் இருக்க முடியாது) அடுத்ததை மறிக்கும். காந்தப்புலம் அந்த மறிப்பை மாற்றும். சிலிக்கனில் ஸ்பின் சேராமலேயே அதே வடிவ வளைவு வரும். 2014-இல் யாங் சாங், ஹனன் டெரி இருவரும் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள்.

அதே தடுப்பின்மேல் கோபால்டுக்குப் பதில் அலுமினியம் போட்டு அளந்து பாருங்கள். காந்தமில்லாத முனையிலும் வளைவு வந்தால் அது ஸ்பின் சேர்க்கை இல்லை.

கேள்வி கேட்டவர் (9 நாள் கழித்து):
அக்கா, அலுமினியத்திலும் வந்துவிட்டது. கிட்டத்தட்ட அதே அகலம். மனசு விட்டுப்போயிற்று. ஆனால் எழுதி அனுப்பும் முன் தெரிந்ததே பெரிது.

பதில் (கானாடுகாத்தான்):
விடாதீர்கள். நான்கு முனைக்கு மாறுங்கள். 1985-இல் ஜான்சனும் சில்ஸ்பீயும் அலுமினியத்தில் செய்த வழி அது. இரண்டாங்கட்டில் தாளித்தால், அந்தப் பக்கம் யாரும் நடக்காவிட்டாலும் வளவுக்கு வாசம் வரும் இல்லையா? அதுபோல மின்னோட்டம் போகாத பக்கத்துக்கும் ஸ்பின் பரவும். அளக்கும் முனையை அங்கே வையுங்கள். இடைவெளி 1 மைக்ரோமீட்டர் அளவில் தொடங்கட்டும். இரண்டு கோபால்ட் பட்டைகளும் ஒரே அகலத்தில் வேண்டாம். அகலம் வேறானால்தான் அவற்றின் காந்தத் திசை வெவ்வேறு புலத்தில் திரும்பும், வோல்டேஜில் படி தெரியும்.