மெர்ஜ், கன்வெர்ஜ், கோயலெஸ்: எதை எங்கே போடுவது?

கேள்வி (டியூஷன் டீச்சர், யாங்கோன்):
வணக்கம். நம் தமிழ்ப் பிள்ளைகள் ஏழு பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நேற்று ஒரு பெண், "மலி ஆறும் என்மாய் ஆறும் கோயலெஸ் ஆகி ஐராவதி பிறக்கிறது" என்று எழுதியிருந்தாள். திருத்தப் போன கை நின்றுவிட்டது. என் அகராதியில் மூன்றுக்கும் ‘ஒன்றுசேர்’தான். எப்படிப் பிரித்துச் சொல்வது?

பதில் 1:
ஆற்றுக்கு மெர்ஜ் போதும் அக்கா. சேரும் இடம் கான்ஃப்ளுயென்ஸ். அந்த இரண்டு ஆறும் சேரும் இடத்துக்கு ‘மியிட்சோன்’ என்று பெயர்; அந்தப் பர்மியப் பெயருக்கே அதுதான் அர்த்தம், நம் ‘கூடல்’ மாதிரி.

பதில் 2:
நான் லத்தீன் வேரைப் பிடித்துத்தான் புரிந்துகொண்டேன். மெர்ஜின் வேர் முங்குவது. ஒன்று இன்னொன்றுக்குள் அடையாளம் இழக்கும் வாடை அதில் உண்டு. கன்வெர்ஜ் சாய்வது: சூலே பகோடாவை நோக்கி நாலு பக்கமும் ஆட்கள் வருகிறார்களே, அது. வந்த பிறகும் அவரவர் அவரவர்தான். கோயலெஸின் வேர் வளர்வது. ரசத்தில் மிதக்கும் எண்ணெய்ச் சொட்டுகளைக் கரண்டி நுனியால் நகர்த்திப் பாருங்கள். இரண்டு வட்டம் உரசும், ஒரு நொடி இடுப்புபோல் ஒடுங்கி நிற்கும், டக்கென்று ஒரே வட்டமாகிவிடும். அதைக் காட்டினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

அப்புறம், அந்தப் பெண்ணின் வரியை அடித்துவிடாதீர்கள். ‘பிறக்கிறது’ என்று எழுதியவளுக்கு வளர்கிற சொல்தான் தோன்றியிருக்கிறது.

கேட்டவர்:
சரி தம்பி, அடிக்கவில்லை. இன்று தட்டில் தண்ணீர் ஊற்றி, நல்லெண்ணெய் விட்டுக் காட்டுகிறேன். கான்ஃப்ளேட்?

பதில் 2:
அது மனசுக்குள் நடப்பது. தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் ஒன்றென்று குழப்பிப் பேசுவது.