தவிட்டுக்குருவி இரையோடு காத்திருப்பது ஏன்?

முனிர்கா_மாடி:
டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் எலுமிச்சை மரத்தில் தவிட்டுக்குருவிகள் குஞ்சு பொரித்திருக்கின்றன, இங்கே சாத் பாய் என்பார்களே அதுதான். ஏழு பறவைகளும் இரை கொண்டுவருகின்றன. அதில் ஒன்றுக்கு வால் இறகு உடைந்திருப்பதால் அடையாளம் தெரியும். அது மட்டும் அலகில் புழுவை வைத்துக்கொண்டு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்று வந்த பிறகுதான் போய் ஊட்டுகிறது. ஒரு வாரத்தில் ஐந்து முறை பார்த்துவிட்டேன். குஞ்சுகள் கத்தும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும்? மொய்ப் பணத்தை மைக்கில் வாசிப்பதுபோல மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றா?

லோதி_நடை:
அப்படியே சொன்னவர் ஒருவர் இருந்தார் சார். இஸ்ரேலின் பறவை ஆய்வாளர் அமோட்ஸ் ஜஹாவி. பாலைவனத்தில் அரேபியச் சிலம்பன்களைப் பல பத்தாண்டுகள் கவனித்தவர், நம் தவிட்டுக்குருவிக்கு நெருங்கிய சொந்தம் அது. அங்கே மூத்த பறவை இளையதற்கு ஊட்டும், காவலுக்கு நிற்கும் இளையதை இறக்கிவிட்டுத் தானே ஏறி நிற்கும். தன்னிடம் தெம்பு மிச்சமிருக்கிறது என்று கூட்டத்துக்குக் காட்டுவதுதான் உதவி என்றார். ஆஸ்திரேலியாவின் வெண்சிறகு சஃப் பறவையில் இளம் உதவியாளர்கள், அதாவது பெற்றோரோடு சேர்ந்து குஞ்சுகளுக்கு ஊட்டும் கூட்டத்துப் பறவைகள், இரையைக் குஞ்சின் வாயில் வைத்துவிட்டுத் தாங்களே விழுங்கிவிடுவதுண்டு, அதுவும் மற்றவை பக்கத்தில் இல்லாதபோது. எனக்கு ஜஹாவி சொன்னதுதான் சரியென்று படுகிறது.

ரிட்ஜ்_அக்கா:
கொஞ்சம் பொறுங்கள். அதே சஃப் பறவைகளுக்கு ஆய்வாளர்கள் கூடுதல் தீனி வைத்ததும் அந்த ஏமாற்று குறைந்துவிட்டது, அதாவது பசிதான் பெரிய காரணம். ஜஹாவியின் சிலம்பன்களையே ஜோனதன் ரைட் தனியாக ஆராய்ந்து 1997இல் எழுதினார், உதவியாளர்கள் குஞ்சின் தேவையைப் பார்த்துத்தான் ஊட்டின, அந்தஸ்துப் போட்டிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இதேபோல் கூட்டமாகக் குஞ்சு வளர்க்கும் பெல் மைனர் பறவையில் 2008இல் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. முட்டையிட்ட ஜோடியில் ஒன்றைச் சிறிது நேரம் பிடித்து வைத்துப் பார்த்தார்கள், பார்வையாளரான அது இல்லாதபோதும் மற்றவற்றின் உதவி குறையவில்லை.

உங்கள் பறவைக்கு வருகிறேன். நீங்கள் பால்கனியில் நிற்கிறீர்கள் இல்லையா? அலகில் இரையோடு கூட்டுக்குப் போனால் கூடு எங்கே என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆள் தெரிந்தால் பல பறவைகள் இப்படித்தான் தயங்கும், துணைக்கு ஒன்று வந்தால் தைரியம் வரும். அதனால் பால்கனி வேண்டாம், உள்ளே திரைக்குப் பின்னால் இருந்து பாருங்கள். மரத்தடிக்கும் போகாதீர்கள், காக்கை உங்களைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும்.

சாணக்யபுரி_77:
குஞ்சுகள் எத்தனை? ஒரே பெரிய குஞ்சென்றால் அக்காக்குயிலாக இருக்கலாம். அதன் முட்டையும் நீலம்தான், பெரும்பாலும் தவிட்டுக்குருவி போன்ற சிலம்பன்களின் கூட்டில் இடும். கூட்டம் முழுக்க அதற்கும் சலிக்காமல் ஊட்டும்.

முனிர்கா_மாடி:
மூன்று குஞ்சுகள், எல்லாம் ஒரே அளவு.

அக்கா, நீங்கள் சொன்னபடி இரண்டு காலை கொசுவலை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். உடைவால் பன்னிரண்டு முறை வந்தது. பத்து முறை யாருக்கும் காத்திராமல் நேராகப் போய் ஊட்டியது, ஆறு முறை பக்கத்தில் வேறு பறவையே இல்லை. காத்திருந்த இரண்டு முறையும் எதிர் வேப்பமரத்தில் வல்லூறு உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் அதைத் தடுத்தது நான்தான் போலிருக்கிறது. குஞ்சுகள் பறக்கும்வரை பால்கனிக் கதவைத் திறக்கப் போவதில்லை.