புதுப்பிப்பு: பேட்டரி கேமரா 9 நாளில் சார்ஜ் தீர்ந்த பிரச்சினை சரியாகிவிட்டது

மதுரையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டு வாசலில் மாட்டிய பேட்டரி கேமரா, 6 மாதம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தும் 9 நாளில் தீர்ந்துவிடுகிறது என்று ஒன்றரை மாதம் முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அசைவைக் கண்டால்தான் கேமரா விழித்துப் பதிவு செய்யும்; முதலில் அந்த சென்சிட்டிவிட்டியை (எவ்வளவு சின்ன அசைவுக்கு விழிக்க வேண்டும் என்ற அளவை) குறைத்தேன். பெரிய மாற்றமில்லை. "கேமரா தெருவைப் பார்க்கிறதா?" என்று ஒருவர் கேட்டாரே, அதுதான் விஷயம். போகிற வருகிற ஒவ்வொரு பைக்குக்கும் விழித்து, ஒரே நாளில் 140 பதிவு! கீழே சாய்த்து, கேட்டும் வாசற்படியும் மட்டும் தெரிகிற மாதிரி திருப்பினேன். இப்போது 15கூடத் தாண்டுவதில்லை. ஹால் ஜன்னலருகே ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கி மேலும் தூரம் அனுப்பும் கருவி) வைத்ததும் உதவியது. வைஃபை சிக்னல் மெலிந்தால் வீடியோ அனுப்பவே சார்ஜ் கரைகிறது. 26 நாள் ஆயிற்று, 81 சதவீதம் மிச்சம். சோலார் பேனல் தேவைப்படவில்லை.

எதிர்பாராத ஒன்று: உச்சி வெயிலில் ஆள் வந்தாலும் சில நேரம் கேமரா எழுவதில்லை. சென்சார் உடல் சூட்டை வைத்துத்தான் ஆளை அறிகிறது. சுற்றிலும் அதே சூடு இருந்தால் தடுமாறுகிறது. நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும் என்பதால், அப்புறம் பக்கச் சுவருக்கு மாற்றினேன். நேற்று மதியம் தபால்காரரைத் தவறாமல் பிடித்தது.